“பால் காணாது” என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், பிள்ளை பிறந்து ஆறு நாள்

கொக்குவில்_புதுத்தாய் · அதிகாலை 2.20

எல்லாருக்கும் வணக்கம். முதல் முறையாக எழுதுகிறேன். எனக்குப் பெண் பிள்ளை பிறந்து இன்றைக்கு ஆறு நாள். முதல் பிள்ளை, சிசேரியன். பிறந்தபோது 2.9 கிலோ, நேற்று நிறுத்தபோது 2.68. சுகமான பிள்ளை, ஒரு குறையும் இல்லை என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த நாளில் இருந்து மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அழுகிறாள். குடிப்பாள், குடித்தபடியே நித்திரையாவாள், மெல்ல இறக்கிப் படுக்க வைத்தால் பத்து நிமிடத்தில் திரும்ப அழுகை. மாமி, பக்கத்து வீட்டு அன்ரி, பிள்ளை பார்க்க வருகிறவர்கள் என்று எல்லாரும் சொல்வது ஒரே வசனம்தான்: “பால் காணாது.” நேற்றுப் பின்னேரம் மாமி ஒரு ரின் பால்மா வாங்கி மேசையில் வைத்துவிட்டார். அவர் கெட்ட மனத்தோடு செய்யவில்லை, பிள்ளை அழுவதை அவரால் தாங்க முடியவில்லை. ரின் இன்னும் உடைக்கவில்லை.

முலைக்காம்பு இரண்டும் வெடித்துவிட்டது. பிள்ளை வாய் வைக்கும்போது கண்ணீர் வருகிறது. கையால் அமர்த்திப் பார்த்தால் ஒரு தேக்கரண்டி அளவுதான் வருகிறது. எனக்கு உண்மையிலேயே பால் இல்லையா? ரின்னை உடைக்கவா, வேண்டாமா?


முற்றத்து_வேம்பு · அதிகாலை 2.41

உடைக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நானும் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அவன் படுத்ததும் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒன்றைச் சொல்லுங்கள்: நேற்று விடிந்ததில் இருந்து எத்தனை தரம் சலம் போனாள்? மலம் என்ன நிறம்?


கொக்குவில்_புதுத்தாய் · அதிகாலை 2.46

சலம் ஏழு தரம். துணிதான் கட்டுகிறோம், மாற்றி மாற்றிக் கணக்குத் தெரியும். மலம் முந்தாநாள் வரை கறுப்பும் பச்சையும், நேற்றில் இருந்து மஞ்சள், தண்ணீராக, நாலு தரம். வயிற்றோட்டமோ என்று அதற்கும் பயந்துகொண்டு இருக்கிறேன்.


முற்றத்து_வேம்பு · அதிகாலை 3.12

அப்படியென்றால் உங்களிடம் பால் இருக்கிறது தங்கச்சி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உள்ளே போகாதது வெளியே வராது. ஐந்தாம் ஆறாம் நாளில் ஆறு தரத்துக்குக் குறையாமல் சலம் போய், கறுத்த மலம் மஞ்சளாக மாறிவிட்டதென்றால் பிள்ளை குடிக்கிறாள். தாய்ப்பால் பிள்ளையின் மலம் இளகித்தான் இருக்கும், கடுகை அரைத்துக் கரைத்ததுபோல. அது வயிற்றோட்டம் இல்லை.

நிறை 220 கிராம் குறைந்திருக்கிறது, ஏழரை வீதம் அளவு. முதல் நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் குறைவார்கள், பத்து வீதத்தை நெருங்கினால்தான் பயப்பட வேண்டும். சிசேரியனில் உங்களுக்கு ஏற்றிய சேலைன் பிள்ளையின் உடம்பிலும் சேர்ந்து பிறந்த நிறையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கும், அது பிறகு சலமாகப் போய்விடும். இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பி வந்தால் போதும். இரண்டு மூன்று நாளில் திரும்ப நிறுக்கச் சொல்லிக் கேளுங்கள், அதுவரைக்கும் ரின் மேசையிலேயே இருக்கட்டும்.

கையால் எடுத்துப் பார்த்து அளக்கவும் வேண்டாம். பிள்ளையின் வாய் இழுக்கும் அளவு யாருடைய கைக்கும் வராது, அதிலும் பயந்துபோய் இருக்கிற தாயின் கைக்கு வரவே வராது.

என் முதல் பிள்ளையில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அதே வழியில் போகக்கூடாது என்பதற்காக. பெயர் சொல்ல விரும்பாத ஒரு இடத்தில் பிரசவம். நாலாம் நாள் இரவு பிள்ளை அழ, வாட்டில் நின்ற ஒருவர் “பாவம், பசி” என்று சொல்லி மா கரைத்துத் தரச் சொன்னார். கொடுத்தோம். பிள்ளை நாலு மணித்தியாலம் அசையாமல் நித்திரை. எல்லாருக்கும் சந்தோசம், எனக்கும்தான். அந்த நாலு மணித்தியாலமும் என் மார்பு நிறைந்து கல்லாகிக் கிடந்தது. அடுத்த நாள் இரண்டு போத்தல், அடுத்த கிழமை மூன்று. மூன்றாம் மாதம் பால் வற்றிவிட்டது. பால் காணாது என்று சொல்லிச் சொல்லியே காணாமல் பண்ணினோம். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும், நிறைந்தபடி விட்டால் உடம்பு “இவ்வளவு போதும்” என்று குறைத்துக்கொள்ளும். கிணறு இறைக்க ஊறும் என்று தோட்டத்தில் சொல்வார்களே, அதேதான். இதை அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.


ஓய்வுபெற்ற_மிஸ்ஸி · காலை 6.05

மகள், நான் 31 வருடம் குடும்பநல மருத்துவிச்சியாக, எங்கள் ஊரில் மிஸ்ஸி என்பார்களே, வேலை செய்து ஓய்வுபெற்றவள். இரவு எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். முற்றத்து வேம்பு சொன்னது சரி. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் பிரச்சினை பால் அல்ல, பிடி, அதாவது பிள்ளை மார்பைக் கவ்வும் விதம். காம்பு வெடிக்கிறதென்றால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறாள் என்று அர்த்தம். காம்பில் பால் இல்லை, அது வெறும் வாசல். கறுத்த வட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும், முக்கியமாகக் கீழ்ப்பக்கம். பிள்ளையின் மூக்குக்கு நேரே காம்பைப் பிடித்து, மேல் உதட்டில் மெல்லத் தொடுங்கள். பொறுத்திருங்கள், கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறப்பாள். அந்த நேரம் பிள்ளையை உங்களிடம் கொண்டுவாருங்கள், நீங்கள் குனிந்து பிள்ளையிடம் போகாதீர்கள், நாரி போய்விடும். பிள்ளையின் நாடி (தாடை) மார்பில் அழுந்தி இருக்க வேண்டும், கீழ் உதடு வெளியே மடிந்து இருக்க வேண்டும், கன்னம் குழிவிழக்கூடாது. முதல் சில இழுவை கொஞ்சம் நோகலாம். பிறகும் நோகிறதென்றால் சின்ன விரலை வாயின் ஓரத்தால் விட்டுப் பிடியை விடுவித்து, திரும்பவும் கொடுங்கள். பத்துத் தரம் எடுத்தாலும் பரவாயில்லை. பிழையான பிடியோடு அரை மணித்தியாலம் பொறுத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

சிசேரியன் என்றால் வெட்டுக் காயத்தில் பிள்ளை உதைக்காமல் கக்கத்துக்குள் வைத்துக் கொடுங்கள், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும். தலையணை ஒன்று கீழே. இரவில் சரிந்து படுத்தபடி கொடுக்கலாம், யாராவது ஒருவர் பக்கத்தில் முழித்திருக்கும்போது பழகுங்கள்.

வெடிப்புக்குக் கண்ட கண்ட மருந்து பூசாதீர்கள். கொடுத்து முடிந்ததும் இரண்டு சொட்டுப் பாலை எடுத்துக் காம்பில் பூசிக் காற்றில் காய விடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம். பிடி திருந்தினால் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும்.

இறக்கினால் அழுகிறாள் என்றீர்கள். ஒன்பது மாதம் உங்கள் இதயச் சத்தத்தோடு இருந்தவள். சட்டையைக் கழற்றி, பிள்ளையை வெறும் நெஞ்சில் போட்டு மேலே ஒரு சீலையால் போர்த்துங்கள். தோலோடு தோல் பட்டால் பிள்ளை அமரும், பாலும் இறங்கும், பிள்ளையின் சூடும் சரியாக நிற்கும். பிறந்த பிள்ளைக்கு 24 மணித்தியாலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தரம் பால் தேவை. முதல் நாள் அதன் வயிறு ஒரு சின்ன எலுமிச்சங்காய் அளவு கூட இல்லை, ஒரு தரத்துக்குச் சில மில்லிலீற்றர்தான் கொள்ளும். முதலில் வரும் கடும்புப்பால் (சீம்பால்) கொஞ்சமாக வருவது அதற்காகத்தான். அந்த மஞ்சள் பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்து கிடக்கிறது. முன்பு அதைப் பீச்சி ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணி பருக்கிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

இரவுப் பாலைத் தவறவிடாதீர்கள். பாலைச் சுரக்க வைக்கிற புரோலக்டின் இரவில்தான் கூடுதலாக வரும். பாலை இறக்கி விடுகிற ஒட்சிரோசின் அப்படியில்லை, அது மனத்தோடு சேர்ந்தது. பயம், கவலை, நோவு என்றால் மறித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு தாயின் முகத்துக்கு நேரே நின்று “பால் காணாது” என்று சொல்கிறவர் தெரியாமலே அந்தப் பாலை நிறுத்துகிறார். மாமியிடம் இதை இப்படியே வாசித்துக் காட்டுங்கள், அவர் கோபிக்க மாட்டார்.

மிஸ்ஸி வீட்டுக்கு வருவார், முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் வர வேண்டும். வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். வந்ததும் பிள்ளையை நிறுப்பதோடு விடாமல், “நான் பால் கொடுக்கிறேன், இருந்து பாருங்கள்” என்று கேளுங்கள். பார்த்துத் திருத்துவது ஐந்து நிமிட வேலை.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். பால் குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், காய்ச்சல் வந்தால் அல்லது உடம்பு குளிர்ந்தால், சலம் குறைந்தால், தோலில் மஞ்சள் நிறம் வயிறு தாண்டிக் கால் வரை இறங்கினால், அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. உங்களுக்கு மார்பில் ஒரு இடம் சிவந்து சூடாகிக் குளிர்காய்ச்சல் வந்தாலும் காட்டுங்கள், ஆனால் அந்தப் பக்கப் பாலை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கட்டியாகும்.


கொக்குவில்_புதுத்தாய் · காலை 9.30

மிஸ்ஸி, இதை வாசித்து அழுதுவிட்டேன். மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ரின்னை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். கக்கத்தில் வைத்துக் கொடுத்தேன், நாலாம் தரம் சரியாகப் பிடித்தாள், முதல் தரமாக “க்ளக் க்ளக்” என்று விழுங்கும் சத்தம் கேட்டது.

இன்னொரு கேள்வி. இந்த வெயிலுக்குப் பிள்ளைக்கு விடாய்க்காதா? அப்பம்மா கொதித்தாறிய தண்ணீர் ஒரு கரண்டி பருக்கச் சொல்கிறார். கொத்தமல்லித் தண்ணீர் நல்லதாம்.


நீர்வேலித்_தோட்டக்காரன் · காலை 10.15

தண்ணீர் என்ற கதையால் எழுதுகிறேன், மற்றதில் எனக்கு அனுபவம் இல்லை. பருக்காதீர்கள் தங்கச்சி.

நான் வெங்காயமும் வாழையும் வைக்கிறவன். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். நாங்கள் மேலே போடுகிற யூரியாவும் எருவும் மழையோடு அந்தக் கல்லுக்குள்ளால் நேரே கிணற்றுக்குப் போய்விடும். மலகூடக் குழிகளும் அதே கல்லில்தான் கிடக்கின்றன. அதனால் எங்கள் பக்கத்துக் கனக்கக் கிணறுகளில் நைத்திரேற்று கூட. குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே இருக்கின்றன. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. பால்குடிப் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தியை அது கெடுக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும்.

முக்கியமான விசயம், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அது இன்னும் செறியும். எங்கள் ஆட்கள் “நல்லாக் கொதிக்க வைச்சது” என்று சொல்லி நம்பிக்கையோடு மா கரைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கும்.


ஓய்வுபெற்ற_மிஸ்ஸி · காலை 10.50

தோட்டக்காரத் தம்பி நல்ல விசயம் சொன்னார். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் அதற்கு மேல் ஒரு சொட்டும் தேவையில்லை, விடாய்த்தால் பிள்ளை அடிக்கடி கேட்கும், கொடுங்கள். தாய் குடிக்கும் தண்ணீரில் உள்ள நைத்திரேற்று அதே அளவில் பாலுக்குள் இறங்குவதும் இல்லை. ஆறு மாதம் முடியும் வரை தண்ணீர், கொத்தமல்லி, குளுக்கோசு, கற்கண்டு, வசம்பு ஒன்றும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் பிள்ளையின் குடலுக்குள் முளைத்து நரம்பைச் செயலிழக்கச் செய்யும்.

ஆனால் நீங்கள் தண்ணீர் குடிக்க வேண்டும். பிள்ளைப்பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று மறிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் கொடுக்கக் குந்தும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்பு இருக்கட்டும்.


அம்மம்மா_சொல்ல_எழுதுவது · பகல் 1.20

அம்மம்மாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன், தான் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். அவர் சொல்வதை நான் எழுதுகிறேன்.

“1995 ஐப்பசி கடைசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த இரவு, என்ரை கடைசி மகளுக்கு இருபத்திரண்டு நாள். துடக்குக் கழிக்கவே இல்லை. மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலம் தாண்ட விடியப் பார்த்தது. ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் நின்ற மாதிரி சனம். பிள்ளை மார்பிலே கொழுவினபடி, மேலே ஒரு சாக்கு. நின்றபடி கொடுத்தேன், நடந்தபடி கொடுத்தேன். நான் தின்றது ஒரு துண்டுப் பாண்.

பிறகு தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு கிணற்றுக்கு எத்தனையோ நூறு பேர். மா கிடையாது, கிடைத்தாலும் போத்தல் அவிக்க விறகு கிடையாது. போத்தல் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. என்ரை பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்போது இந்த ஓர்மோன் கதை ஒன்றும் தெரியாது. என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை, அதனால் கொடுத்தேன். ஒருதரும் எனக்குப் பால் காணாது என்று சொல்லவில்லை, சொல்லி என்ன செய்யிறது, வேறு வழி இல்லையே. அந்தப் பிள்ளை இப்ப இரண்டு பிள்ளைக்குத் தாய்.”

இவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.


முற்றத்து_வேம்பு · பகல் 1.48

அம்மம்மாவின் கால்களில் விழுந்து கும்பிட வேண்டும் போல் இருக்கிறது.


பெயர்_வேண்டாம் · பின்னேரம் 4.30

இதை எழுதுவதா விடுவதா என்று காலை முழுக்க யோசித்தேன். எனக்கு முதல் பிரசவத்தில் கனக்க இரத்தம் போய் மூன்று நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். பிறகு பால் வரவே இல்லை. கொடுக்காமல் விடவில்லை, இரண்டு மாதம் இரவும் பகலும் முயன்றேன். என் மகன் ரின் பாலில்தான் வளர்ந்தான், இப்போது ஆறாம் வகுப்பு, நல்ல சுகம். கோவிலில் கண்டால் இப்போதும் ஒரு சொந்தக்காரப் பெண் “நீ பால் குடுக்கேல்லைத்தானே” என்று கேட்பார். தாய்ப்பாலின் பெருமை பேசும் இடமெல்லாம் எனக்கு நெஞ்சு இறுகும். கொக்குவில் தங்கச்சிக்கு நீங்கள் சொல்வது சரிதான், நான் மறுக்கவில்லை. எங்களைப் போன்றவர்களும் வாசிக்கிறோம் என்பதற்காக எழுதினேன்.


ஓய்வுபெற்ற_மிஸ்ஸி · பின்னேரம் 5.02

மகள், எழுதியது நல்லது. உங்களுக்கு நடந்தது நோய். கனக்க இரத்தம் போனால் பால் சுரக்க ஆணை கொடுக்கும் மூளைச் சுரப்பியே பாதிக்கப்படலாம், தைரொயிட் கோளாறு, மார்பில் முன்பு செய்த சத்திரசிகிச்சை என்று வேறு காரணங்களும் உண்டு. உண்மையாகப் பால் குறைந்த தாய்மார் இருக்கிறார்கள், தொகையில் கொஞ்சப் பேர், ஆனால் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைக்கு மா மருந்து மாதிரி, அதைச் சரியான அளவில், நம்பக்கூடிய தண்ணீரில் கரைத்துக் கொடுத்து வளர்ப்பது ஒரு தாய் செய்ய வேண்டியதையே செய்வது. கோவிலில் கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

நான் வேலையில் கண்டது வேறு. நூறு பேர் “காணாது” என்று வந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிடியைத் திருத்தி, போத்தலை நிறுத்தி, நாலு நாள் தாயை நிம்மதியாக விட்டாலே போதும். அவர்களுக்காகத்தான் இவ்வளவு கத்துகிறேன்.


ஸ்காபரோச்_சித்தி · இரவு 7.15

பிள்ளைக்கு நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும், வயிற்றோட்டம், நியுமோனியா, காதுக் கிருமி குறையும், நித்திரையில் திடீரென்று நடக்கும் சாவும் குறையும். தாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதை எங்கள் ஆட்கள் கதைப்பதே இல்லை, பால் கொடுத்தால் அவள் உருகிப் போகிறாள் என்றுதான் நினைக்கிறார்கள். தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள்.


முற்றத்து_வேம்பு · இரவு 8.40

நான் எழுதுகிறேன், இது எனக்கு நெருங்கிய விசயம். என் பெரியம்மா மார்புப் புற்றுநோயில் போனார், அதனால் தேடித் தேடி வாசித்தேன். 2002 இல் 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு பெரிய கணக்குப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் வாழ்நாளில் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 வீதம் குறைகிறது. வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, குறைகிறது. சூலகப் புற்றுநோயும் சலரோகமும் (நீரிழிவு) கூடக் குறைகின்றன, எங்கள் குடும்பங்களில் சலரோகம் இல்லாத வீடு எது சொல்லுங்கள்.

உடனே கிடைப்பதும் உண்டு. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்து நோகும், கொக்குவில் தங்கச்சி, உங்களுக்கும் நொந்திருக்கும். அது கருப்பை சுருங்கும் நோவு. அந்த ஒட்சிரோசின்தான் கருப்பையைப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறது, இரத்தப்போக்கையும் குறைக்கிறது. மாதவிடாய் இன்னும் வராமல், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் கருத்தங்காமல் இருக்கும் வாய்ப்பு 98 வீதம். மூன்றில் ஒன்று தவறினாலும் அது பாதுகாப்பு இல்லை, வேறு முறைக்குப் போக வேண்டும். “பால் குடுக்கிறேன்தானே” என்று ஒன்பதாம் மாதத்திலும் நம்பியிருந்து திரும்பக் கர்ப்பமான இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

காசும் இருக்கிறது. 2021, 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். என் இரண்டாவது பிள்ளை அந்த நேரம் கைக்குழந்தை. கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை எனக்கு வரவில்லை.

உருகிப் போவது என்பது சாப்பிடாமல் இருந்தால்தான். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு 500 கலோரி அளவு கூடத் தேவை. பத்தியம் என்று சோறும் உப்பில்லாத கறியும் மட்டும் கொடுப்பது பிழை. சரக்கு அரைத்து வைத்த கறி நல்லது, உள்ளி, மிளகு, சீரகம் எல்லாம் போட்டு. முருங்கையிலை வறை, பருப்பு, முட்டை, சின்ன மீன், கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமா எல்லாம் சாப்பிடுங்கள். பால் சுறா வறை எங்கள் ஊரில் பிள்ளைப்பெற்றவளுக்கு என்றே வைப்பார்கள், ஆசைக்கு எப்போதாவது சின்னச் சுறாவில் சாப்பிடலாம், பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அதை நாள்தோறும் சாப்பிடக்கூடாது. பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்தான். மீன் தாய்க்குச் சக்தி கொடுக்கும்.


சாவகச்சேரி_அப்பா · இரவு 10.05

ஆம்பிளைகள் இதில் என்ன செய்யலாம்? எங்களுக்கு வைகாசியில் பிள்ளை. சும்மா நிற்க விருப்பமில்லை.


ஓய்வுபெற்ற_மிஸ்ஸி · இரவு 10.20

நல்ல கேள்வி தம்பி. பால் கொடுப்பதைத் தவிர எல்லாம் நீங்கள் செய்யலாம். இரவில் துணி மாற்றித் தாயின் கையில் கொடுங்கள், குடித்து முடிந்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏவறை எடுங்கள், உங்கள் நெஞ்சிலும் தோலோடு தோல் படப் படுக்க வையுங்கள், ஏணையை ஆட்டுங்கள். பார்க்க வருகிறவர்கள் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் மெல்ல எழுப்பி அனுப்புங்கள். “காணாது” என்று யாராவது வாய் திறந்தால் மனைவி பதில் சொல்லத் தேவையில்லாதபடி நீங்கள் சொல்லுங்கள். பிறந்து முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்க வைக்கச் சொல்லி இப்போதே கிளினிக்கில் கதைத்து வையுங்கள், சிசேரியன் என்றாலும் பெரும்பாலும் முடியும்.

இன்னொன்று, யாராவது இலவசமாக மா ரின் தந்தால் வாங்காதீர்கள். 1981 இல் குழந்தை மா விற்பனை பற்றி உலகம் முழுவதற்குமாக ஒரு விதிக்கோவை வந்தது, இலங்கை 1983 இலேயே தனக்கென்று ஒன்றை எழுதி 2002 இல் திருத்திப் பலப்படுத்தியது. குழந்தை மாவைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவும் தாய்மாருக்கு மாதிரி கொடுக்கவும் இங்கே தடை. 2016 ஆய்வில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் பேர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். அந்தக் கணக்குக்குப் பின்னால் எங்கள் மிஸ்ஸிமார் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த வருடங்கள் இருக்கின்றன. எனக்கு அதில் பெருமை உண்டு.


கொக்குவில்_புதுத்தாய் · பத்து நாளுக்குப் பிறகு, காலை 11.10

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன். இன்றைக்குப் பதினாறாம் நாள். மிஸ்ஸி வந்து நிறுத்தார், 2.98 கிலோ. வளர்ச்சி அட்டையில் முதல் புள்ளியை விடக் கூட. மாமி பக்கத்தில் நின்று தராசைப் பார்த்தவர், அடுப்படிக்குப் போய்ச் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அவருக்கும் இரண்டு கிழமையாக நித்திரை இல்லை.

காம்பு ஆறிவிட்டது. இடையில் ஒரு பின்னேரம், பதின்மூன்றாம் நாள், பிள்ளை நாலு மணித்தியாலம் தொடர்ந்து குடித்தாள், திரும்பவும் பயந்துவிட்டேன். இந்த இழையைத் திரும்ப வாசித்தேன். நல்லவேளை.

இனி அடுத்த பயம். யாழ்ப்பாண ரவுனில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. 84 நாள் பிரசவ லீவு முடிந்ததும் திரும்பப் போக வேண்டும். அதற்குப் பிறகு எப்படி ஆறு மாதம்?


முற்றத்து_வேம்பு · காலை 11.32

2.98! அலுவலகத்தில் இருந்து வாசித்துச் சத்தம் போட்டுவிட்டேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். வேலைக்குப் போக மூன்று கிழமைக்கு முன்பே தொடங்கினேன், விடியக்காலைப் பால் கொடுத்த பிறகு மிச்சத்தைக் கையால் எடுத்து மூடியுள்ள சுத்தமான ஏனத்தில் திகதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம் வைத்தேன், கதவில் வைக்கக்கூடாது. நாலு நாள் வரை இருக்கும். வெளியே 25 பாகைக்குள் என்றால் நாலு மணித்தியாலம், எங்கள் வெயிலில் அவ்வளவு நேரம் விடாதீர்கள். சுடுதண்ணீரில் ஏனத்தை வைத்துச் சூடாக்க வேண்டும், அடுப்பில் நேரே வைக்கக்கூடாது. போத்தலும் சூப்பியும் பழக்காமல் சின்னக் கோப்பையால் பருக்கச் சொல்லி மாமிக்கு இப்போதே காட்டுங்கள், பிள்ளை நக்கி நக்கிக் குடிக்கும், பார்க்க அழகாக இருக்கும்.

சட்டத்தில் பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு தரம், வேலையிடத்தில் பிள்ளை காப்பிடம் இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. கொக்குவிலுக்கும் ரவுனுக்கும் எவ்வளவு தூரம், மத்தியானம் ஒருக்கால் வந்து கொடுத்துவிட்டுப் போகலாம். லீவு முடிய முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள், வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.


கொக்குவில்_புதுத்தாய் · காலை 11.50

கடிதத்தை இன்றைக்கே எழுதத் தொடங்குகிறேன். கோப்பை விசயம் மாமிக்குச் சொன்னேன், தன்னுடைய சீதனத்தில் வந்த சின்ன வெள்ளிக் கிண்ணம் ஒன்று பெட்டிக்குள் கிடக்கிறதாம், அதை அவித்து எடுக்கலாமா என்று கேட்கச் சொல்கிறார்.


ஓய்வுபெற்ற_மிஸ்ஸி · பகல் 12.15

அவிக்கலாம். விளிம்பு கூராக இல்லாமல் வழுவழுப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.